குண்டையூர் நெல்மலையும் சிங்கப்பூர் முதியோரும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலங்களில் ஆலய மண்டபத்தில் அடியார் பெருமை பேசப்படுவது தொன்றுதொட்டு வரும் மரபு. அம்மரபின்படி, சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி இன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் ஒளியில், சிங்கப்பூரில் வறுமையிலும் தனிமையிலும் வாழும் முதியோர்க்கு ஆலயமும் பக்தர்களும் செய்யத்தக்க ஒரு பணியைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நெல் இருந்தது, ஆள் இல்லை

குண்டையூர் என்னும் ஊரில் வேளாண் பெருந்தகை ஒருவர் வாழ்ந்து வந்தார். குண்டையூர்க் கிழார் என்பது அவர் பெயர். சுந்தரரிடத்துப் பேரன்பு பூண்ட அவர், திருவாரூரில் சுந்தரரும் பரவையாரும் வாழ்ந்த திருமாளிகைக்கு நெல்லும் பருப்பும் வெல்லமும் தவறாது அனுப்பி வந்தார். ஒரு காலத்தில் மழை பொய்த்தது, விளைவு குறைந்தது. அனுப்ப நெல் இல்லையே என்று வருந்திய கிழார், அன்றிரவு உணவும் கொள்ளாது உறங்கினார். இறைவன் அவர் கனவில் தோன்றி, நெல் தந்தோம் என்று அருளினான். பொழுது புலர்ந்தபோது குண்டையூர் எங்கும் நெல் மலையாகக் குவிந்து கிடந்தது.

இங்கேதான் கதையின் நுட்பம் அமைந்திருக்கிறது. நெல் வந்துவிட்டது; ஆயினும் கிழாரின் கவலை தீரவில்லை. அத்துணை நெல்லையும் திருவாரூர்க்கு எடுத்துச் செல்ல மனிதரால் இயலாது. செய்தி அறிந்து வந்து பார்த்த சுந்தரரும் அதை உணர்ந்தார். அவர் அருகிலுள்ள திருக்கோளிலிக்குச் சென்று இறைவனிடம் வேண்டியது நெல்லை அன்று. நெல்லை எடுத்துச் செல்லும் ஆட்களையே. இன்று திருக்குவளை என வழங்கும் அத்தலத்தில் அவர் வேண்டுகோள் கேட்கப்பெற்றது. அன்றிரவே சிவபூதங்கள் நெல்லைச் சுமந்து சென்று, பரவையார் மாளிகையை மட்டுமின்றித் திருவாரூர் வீதிகளையெல்லாம் நிறைத்தன.

காலையில் ஊரார் திகைத்தனர். யாருடைய நெல் இது, எடுக்கலாமா கூடாதா என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். பரவையார் பறை அறைவித்தார். அவரவர் வீட்டு எல்லையில் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று ஊரெங்கும் அறிவிக்கச் செய்தார். அதன் பின்னரே நெல் வீடுகளுக்குள் சென்றது.

ஆக, ஒரு கொடை நிறைவுறுவதற்கு மூன்று வேண்டும் என்பதைச் சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றின் வழி காட்டுகிறார். நெல் வேண்டும், அதைச் சுமக்க ஆள் வேண்டும், அது உனக்கு உரியது என்று சொல்லப் பறை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், மலையளவு நெல்லுக்கு அருகிலேயே ஒருவர் பசித்திருக்கக் கூடும்.

யார் இந்த முதியோர்?

சிங்கப்பூரில் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குடிமக்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டியவர். 2030-ஆம் ஆண்டளவில் இது நால்வரில் ஒருவர் என்னும் நிலையை நெருங்கும் என மதிப்பிடப்படுகிறது. இவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தோடும் சேமிப்போடும் நலமாக வாழ்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. இவ்வுரை மற்றவர்களைப் பற்றியது.

தமிழ்ச் சமூகத்தில் வறுமையுற்ற முதியோரின் கதைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நாட்கூலிகளாக உழைத்தோர் பலர். அவர்களுள் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்தவர்கள் ஏராளம். சம்பாதித்ததைச் சிராங்கூன் சாலையிலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் இராமநாதபுரத்துக்கும் பணவிடையாக அனுப்பியவர்கள் அவர்கள். மத்திய சேமநிதி தொடங்கப்பெற்றதே 1955-ஆம் ஆண்டு சூலை மாதத்தில்தான். பிரிட்டிஷ் படைகளின் வெளியேற்றம் 1971-ஆம் ஆண்டு இறுதியில் நிறைவுற்றபோது, தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்தத் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்களின் விதவையரும், அவர்களுக்கு அடுத்து வந்து துப்புரவுப் பணியிலும் காவல் பணியிலும் உணவுக் கடைகளிலும் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தோரும், வாழ்நாள் முழுவதும் வீட்டு வேலை செய்தும் சேமநிதிக் கணக்கில் ஒன்றும் சேராத தாய்மார்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள்.

இவர்களுள் பலர் ஒருகாலத்தில் தேக்காவைச் சுற்றியிருந்த கடைவீடுகளில் குடியிருந்தவர்கள். நகர்ப் புதுப்பிப்பின் போது அவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். 1989-ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பெற்றது. அதே ஆண்டில்தான் பேட்டைகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வகைசெய்யும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம் உயர்ந்தது. அதனால் விளைந்த நல்லிணக்கம் நாடறிந்தது. ஆயினும் தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு, தம் புளோக்கில் தம் மொழி பேசுவோர் சிலரே என்பதும் உண்மையே.

இதனால் ஏற்பட்ட நிலையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதியவர் வசிப்பது ஈசூனில் அல்லது ஜூரோங்கில். அவரை அறிந்தவர்கள் இருப்பதோ சிராங்கூன் சாலையில். அவருக்கு உதவக்கூடிய அலுவலகம் அவர் வீட்டருகே இருக்கிறது. அங்கே அவரை அறிந்தவர் இல்லை. அவரைப் பெயர் சொல்லி அழைப்போர் ஆலயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கோ அந்த அலுவலகத்தைப் பற்றித் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் பேருந்து ஏறி வந்து, தரிசனம் முடித்து, அன்னதானத்தில் அமர்ந்து உண்டு, தேக்கா சந்தையில் சற்றே உலவிவிட்டு அவர் வீடு திரும்புகிறார். அடுத்த வெள்ளி வரை அவர் எப்படி வாழ்கிறார் என்பது எவர்க்கும் தெரியாது.

நெல்மலை எங்கே இருக்கிறது?

இந்நாட்டில் உதவி இல்லை என்று கூறுவது பொருந்தாது. போருக்குப் பின் 1946-ஆம் ஆண்டில் சமூகநலத் துறை அமைக்கப்பட்டது முதல், ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வளர்ந்து வந்துள்ளன. அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்க சிலவற்றை மட்டும் இங்குக் காணலாம்.

முதலாவது, காம்கேர். 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் கீழ், வேலை இழந்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் குறுகிய, நடுத்தர கால உதவி உண்டு. முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ இனி உழைக்கவே இயலாது, குடும்ப ஆதரவும் இல்லை அல்லது மிகக் குறைவு என்னும் நிலையில் இருப்போர்க்கு நீண்டகால உதவியும் உண்டு. முன்னாளில் பொது உதவித் திட்டம் என்று மக்கள் வழங்கியது இதுவே. 2013-ஆம் ஆண்டு முதல் குடியிருப்புப் பேட்டைகளில் சமூக சேவை அலுவலகங்கள் திறக்கப்பட்டு, விண்ணப்பங்கள் அங்கே ஏற்கப்படுகின்றன. 1800-222-0000 என்னும் காம்கேர் எண்ணை எவரும் அழைத்துக் கேட்கலாம். உதவி வேண்டுபவரே அழைக்க வேண்டும் என்பதில்லை; அக்கம்பக்கத்தார் அழைத்து ஒருவரின் நிலையைத் தெரிவிக்கவும் செய்யலாம்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய சில்வர் சப்போர்ட் திட்டம். உழைக்கும் காலத்தில் குறைந்த வருமானமே பெற்று, முதுமையில் குடும்ப ஆதரவும் குறைந்திருக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரொக்கம் வழங்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டு முதல் இத்தொகை உயர்த்தப்பட்டு, காலாண்டுக்கு 1,080 வெள்ளி வரை வழங்கப்படுகிறது. இதற்கு விண்ணப்பமே தேவையில்லை. தகுதி உடையோரைக் கணக்கிட்டு அரசாங்கமே கடிதம் அனுப்புகிறது. ஆனால் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, மருத்துவ உதவிகள். சாஸ் அட்டை கொண்டு அக்கம்பக்கத்துத் தனியார் மருந்தகங்களிலும் பல் மருந்தகங்களிலும் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். 1949-ஆம் ஆண்டு முடிவதற்குள் பிறந்து 1986-ஆம் ஆண்டு முடிவதற்குள் குடியுரிமை பெற்றோர்க்கு 2014-இல் அறிவிக்கப்பெற்ற முன்னோடித் தலைமுறைத் தொகுப்பும், 1950-களில் பிறந்தோர்க்கு 2019-இல் அறிவிக்கப்பெற்ற மெர்டேக்கா தலைமுறைத் தொகுப்பும் வாழ்நாள் முழுதும் பயன் தருவன. எல்லா மானியங்களும் போக எஞ்சிய மருத்துவமனைக் கட்டணத்தையும் செலுத்த இயலாத குடிமக்களுக்கு, 1993-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மெடிஃபண்ட் நிதி உண்டு. மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்க வேண்டும். கட்டணச் சீட்டைக் கண்டு அஞ்சி, மறு பரிசோதனைக்குச் செல்லாமலே இருந்துவிடும் முதியோர் இதை அறிந்திருத்தல் மிக முக்கியம்.

நான்காவது, பராமரிப்பு. வீட்டுக்கே உணவு கொண்டுவந்து தருதல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், பகல்நேரப் பராமரிப்பு, தாதிமை இல்லம் ஆகியவற்றுக்கெல்லாம் வழிகாட்டுவது 2009-ஆம் ஆண்டில் உருவான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு. அதன் எண் 1800-650-6060. பேட்டைகள் தோறும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள் இயங்குகின்றன. உடற்பயிற்சியும் கூட்டாக உண்பதும் மட்டுமின்றி, தனித்து வாழ்வோரைச் சென்று பார்த்துவரும் பணியும் அங்குள்ளோரால் செய்யப்படுகிறது.

சமூகத்தின் சொந்தக் கொடைகளும் உண்டு. 1948-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன், ஈசூனில் இன வேறுபாடின்றி முதியோர்க்கான தாதிமை இல்லம் நடத்தி வருகிறது. 1991-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிண்டா, சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையிலிருந்து இந்தியக் குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. நெல் இத்தனை இருக்கிறது. அப்படியானால் பசி ஏன் இருக்கிறது?

நடுவே நிற்கும் நான்கு தடைகள்

முதல் தடை, அறியாமை. இது முதியோரின் குற்றமன்று. திட்டங்களின் பெயர்கள் பல. அவை அடிக்கடி மாறுவன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வழங்குவன. ஒரு பெயரை மனத்தில் இருத்துவதற்குள் வேறொரு பெயர் வந்துவிடுகிறது.

இரண்டாம் தடை, தாளும் கருவியும். ஒரு காலத்தில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு முகப்பில் சென்று நின்றால் போதும். இன்று சிங்பாஸ் வேண்டும், கைப்பேசி வேண்டும், கைப்பேசியில் வரும் எண்ணைக் குறித்த நேரத்துக்குள் அழுத்த வேண்டும். இதைக் கற்பிப்பதற்காகவே 2020-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் முதியோர்க்கு உதவி வருகின்றனர். ஆயினும் கண் மங்கி, விரல் நடுங்கும் ஒருவர்க்கு அருகில் அமர்ந்து செய்துகாட்டும் பொறுமையே முதல் தேவை.

மூன்றாம் தடை, மானம். இதுவே பெருந்தடை. நாற்பது ஆண்டுகள் வெயிலில் நின்று சாலை போட்ட ஒருவர், முன்பின் அறியாத இளைஞர் ஒருவரிடம் தம் வங்கிக் கணக்கேட்டைக் காட்டி, எனக்கு இல்லை என்று சொல்லக் கூசுகிறார். அன்னதானத்தில் அமர்ந்து உண்பதற்கு அவர் கூசுவதில்லை. ஏனெனில் அது அம்பாளின் பிரசாதம். அருகே செல்வந்தரும் அதே இலையில் உண்கிறார். அலுவலக நாற்காலியில் அமரும்போதோ தாம் இரப்பவர் ஆகிவிட்டதாக அவர் எண்ணுகிறார். தாம் உழைத்துக் கட்டிய நாட்டின் பொது நிதியில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்க்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை.

நான்காம் தடை, பிள்ளைகள். இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நிதியுதவி கோரும்போது குடும்பத்தாரின் நிலை விசாரிக்கப்படும். பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கப்படும். அந்தக் கேள்வி எழுந்தவுடன் எழுந்து வந்துவிடும் தாய்மார்கள் உண்டு. மகன் உதவுவதில்லை என்று ஓர் அதிகாரியிடம் சொல்வதைவிட, ஒரு வேளை உண்ணாமல் இருந்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். மகனுக்குத் தொல்லை வந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். தன் வயிற்றில் பிறந்தவனைத் தானே காட்டிக்கொடுப்பதா என்னும் வேதனை மறுபுறம். மற்றொரு வகையும் உண்டு. மகனே வேலையிழந்தோ, நோயுற்றோ, சிறை சென்று திரும்பியோ, தாயின் வாடகை வீட்டில் தங்கியிருப்பான். தாய் அதை மறைக்கிறாள்; மறைப்பதால் இருவர்க்கும் கிடைக்கக்கூடிய உதவி கிடைக்காமற் போகிறது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பற்றி இங்கே ஒரு சொல். அந்நாளைய நியமன நாடாளுமன்ற உறுப்பினர் பேராசிரியர் வால்ட்டர் வூன் கொண்டுவந்த மசோதா 1995-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1996-ஆம் ஆண்டு சூன் மாதம் நடப்புக்கு வந்தது. அதன்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். இச்சட்டம் என்றவுடன் வழக்கு, நீதிமன்றம் என்று அஞ்சுவோர் பலர். பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, முதலில் ஆணையர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடைபெறுகிறது. அங்கே உடன்பாடு ஏற்படாதபோதே நடுவர் மன்றத்துக்குச் செல்ல நேரும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது. தம்மைச் சிறுவயதில் கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய பெற்றோரால் பிள்ளைகள் மீண்டும் துன்புறாதிருக்கவும் அது வழி செய்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அயலார் அறியாத ஒரு கதை உண்டு. ஆகவே, பிள்ளைகள் ஏன் பார்ப்பதில்லை என்று தீர்ப்புக் கூறுவது தொண்டரின் வேலையன்று.

குடியுரிமை பற்றியும் கூற வேண்டும். 1957-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாகவும் தமிழர் அமைப்புகள் வாயிலாகவும் தமிழ்த் தொழிலாளர்களைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளத் தூண்டி அயராது உழைத்தார். ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோம், நமக்கெதற்கு இந்தக் காகிதம் என்றிருந்தோரும் அன்று இருந்தனர். அந்தக் காகிதத்தின் அருமை முதுமையில்தான் தெரிந்தது. சில்வர் சப்போர்ட், சாஸ், முன்னோடித் தலைமுறைத் தொகுப்பு ஆகியவை குடிமக்களுக்கு உரியவை. நிரந்தரவாசியாகவே முதுமை எய்தியோர்க்கு வழிகள் குறைவு. ஆயினும் வழியே இல்லை என்று முடிவுகட்டிவிடாமல், சமூக சேவை அலுவலகத்திலோ குடும்ப சேவை நிலையத்திலோ கேட்டுப் பார்க்க வேண்டும். சாரங்கபாணியார் அன்று செய்தது பறை அறையும் பணி. அந்தப் பறைக்கு இன்றும் தேவை இருக்கிறது.

ஆலயம் என்ன செய்யலாம்?

ஆலயம் அரசாங்க அலுவலகம் அன்று. அதற்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆலயம் உதவித் தொகையை நிர்ணயிக்க வேண்டுவதில்லை. விண்ணப்பத்தை ஏற்கவோ மறுக்கவோ வேண்டுவதில்லை. நெல் ஆலயத்தினுடையதன்று. சுமக்கும் ஆளும் முழங்கும் பறையுமாக இருத்தலே ஆலயத்தின் பங்கு. முதியவர் மானக்குறைவு இல்லாமல் வந்து அமரும் இடங்களுள் ஆலயம் தலையாயது. வேறெந்த நிலையத்துக்கும் இல்லாத இந்தப் பேறு ஆலயத்துக்கு உண்டு.

தீபாவளியின்போது அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் அடங்கிய பைகள் வழங்கப்படுவது நற்பணி. அது ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு முதியவர்க்கு உரிய மாதாந்தர உதவி கிடைக்கும்படி ஒரு முறை உடன் சென்று வருவதோ, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பயன் தரும். இதற்குப் பெருநிதி வேண்டா. வாரம் ஒரு நாள், அன்னதான வேளையில், மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை; தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இரு தொண்டூழியர்; கடிதம் படித்துச் சொல்லப்படும் என்று ஓர் அறிவிப்பு. உதவி வேண்டுமா என்று எழுதினால் எவரும் வரமாட்டார். கடிதம் படித்துச் சொல்லப்படும் என்று எழுதினால் வருவார்கள். கடிதத்தின் பின்னே உள்ள கவலை தானே வெளிப்படும்.

அவ்வாறு அமரும் தொண்டூழியர்க்குச் சில நெறிகள் இன்றியமையாதவை.

முதியவரை ஐயா, அம்மா என்று விளித்து, அவர் உண்டு முடித்த பின்னரே பேச வேண்டும். நலம் விசாரித்த பின்னரே நிலை விசாரிக்க வேண்டும்.

கிடைக்கும் என்று உறுதி கூறலாகாது. கேட்டுப் பார்க்கலாம், உடன் வருகிறோம் என்று மட்டுமே கூற வேண்டும். பொய்த்த நம்பிக்கை, இல்லாத நம்பிக்கையினும் கொடிது.

எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது. எழுதிக் கொடுத்த தாள் சட்டைப்பையிலேயே கிடக்கும். அங்கேயே அழைத்துப் பேச வேண்டும். கூடுமானால் குறித்த நாளில் உடன் செல்ல வேண்டும். சென்று வந்த பின் என்ன ஆயிற்று என்று மறுமுறையும் கேட்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஏன் என்று கேட்டறிந்து, நிலைமை மாறியிருப்பின் மீண்டும் கேட்கலாம் என்று எடுத்துரைக்க வேண்டும்.

சிங்பாஸ் மறைச்சொல்லையோ வங்கி அட்டையையோ எந்தத் தொண்டரும் கேட்டு வாங்கலாகாது; முதியவரே தந்தாலும் வைத்துக்கொள்ளலாகாது. ஏமாற்றுப் பேர்வழிகள் மலிந்த காலம் இது. உதவுபவர் மீதும் பழி வரலாகாது. முதியவரின் பணத்துக்கும் கேடு வரலாகாது.

கேட்டதை வெளியே பேசலாகாது. உதவி பெறுபவரைப் படம் பிடிக்கலாகாது. ஓர் அரிசிப்பையை நீட்டிக்கொண்டு எடுக்கப்படும் படம், கொடுத்தவர் வீட்டில் பெருமையாக மாட்டப்படலாம்; பெற்றவர் உள்ளத்திலோ அது வேறு விதமாகப் பதிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவர் வேண்டா என்றால் அதை மதிக்க வேண்டும். இன்று வேண்டா என்றவர், நம்பிக்கை பிறந்தபின் மூன்றாம் மாதத்தில் தாமே வந்து கேட்பதுண்டு. அதுவரை பொறுத்திருப்பதும் கைங்கரியமே.

வெறுமையான இடம்

மெய்யன்பர்களே, ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அன்னதானப் பந்தியில் வழக்கமாகத் தூணருகே அமரும் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பாயசம் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். ஒரு வெள்ளி அவர் வரவில்லை. மறு வெள்ளியும் வரவில்லை. எவரோ ஒருவர், எங்கே அந்த ஐயாவைக் காணோமே என்கிறார். ஊருக்குப் போயிருப்பார் என்கிறார் மற்றொருவர். பேச்சு அத்தோடு முடிகிறது. அவர் எந்தப் பேட்டையில் வசிக்கிறார், வீட்டு எண் என்ன, உறவினர் யாரேனும் உண்டா என்பது எவர்க்கும் தெரியாது. பல ஆண்டுகள் ஒரே பந்தியில் உண்டவர். பெயர்கூட முழுமையாகத் தெரியாது.

தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் இறந்து, சில நாள் கழித்தே அண்டை வீட்டார் அறிந்தனர் என்னும் செய்தி இந்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. அத்தகையோர்க்கு ஈமக்கிரியை செய்ய நல்லுள்ளம் படைத்தோர் முன்வருவதும் உண்டு. அது புண்ணியமே. எனினும், இறுதி ஊர்வலத்துக்கு முன்வரும் தோள்கள், ஓராண்டு முன்னதாக அவரோடு பேருந்தில் ஏறிச் சமூக சேவை அலுவலகத்துக்குச் சென்றிருந்தால், அவர் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார். வாரந்தோறும் கதவைத் தட்டிப் பார்க்க ஒருவர் இருந்திருப்பார். உயிரோடு இருக்கும்போது செய்யும் ஒரு சிறு பணி, இறந்தபின் செய்யும் பெரும் பணியினும் மேலானது.

ஆகவே இத்திருவிழாவில் ஒவ்வொரு பக்தரும் ஒரு சிறு வேண்டுதலை ஏற்கலாம். பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் முதியவரின் பெயரைக் கேட்டறிதல். அவர் எங்கே வசிக்கிறார், எப்படி வந்தார் என்று விசாரித்தல். அடுத்த வாரம் அவர் வராவிட்டால் ஏன் என்று தேடுதல். தீ மிதிக்கும் காலத்தில் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை நள்ளிரவு கடந்தும் நடந்து செல்லும் கால்கள் இச்சமூகத்தின் கால்கள். தைப்பூசத்தில் காவடி சுமக்கும் தோள்கள் இச்சமூகத்தின் தோள்கள். ஒரு முதியவரோடு அவர் வீட்டருகேயுள்ள அலுவலகம் வரை நடப்பது அந்தக் கால்களுக்கு அரிய செயலன்று. அவருடைய கடித உறை ஒன்றைப் பிரித்துப் படிப்பது அந்தக் கைகளுக்குப் பாரமன்று.

குண்டையூரில் நெல்லைக் குவித்த இறைவன், அதைத் தானே திருவாரூரில் குவித்திருக்க முடியாதா? முடியும். ஆயினும் கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் நடுவே ஒரு தொண்டு இருக்க வேண்டும் என்பது அவன் திருவுள்ளம். குண்டையூர்க் கிழாரின் அன்பும், சுந்தரரின் வேண்டுகோளும், பூதங்களின் உழைப்பும், பரவையாரின் பறையும் சேர்ந்தே திருவாரூரின் பசி தீர்ந்தது. சிங்கப்பூரிலும் நெல் இருக்கிறது. சுமக்கும் தோளும் சொல்லும் நாவும் இந்த மண்டபத்தில் நிறைந்திருக்கின்றன.

அந்தத் தொண்டில் அன்பர்கள் அனைவரையும் ஈடுபடுத்தி, முதியோர் மனம் குளிர, இல்லங்கள் நலம் பெற, எல்லாம் வல்ல அன்னை பராசக்தி திருவருள் பாலிப்பாளாக.

வாழ்க சீரடியார்! வளர்க திருத்தொண்டு!